ஆள் தோஹாவில், நான் திருமலையில்: இரண்டு பேர் எலக்ட்ரோனிக் பொப் குழு இப்படி ஓடுமா?

உவர்மலை எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 24. திருகோணமலை. என்னோடு ரியூசனில் படித்த ஒரு பெடியனும் நானும் இரண்டு வருடமாகச் சேர்ந்து பாட்டுச் செய்கிறோம். அவன் எஃப்எல் ஸ்டூடியோ என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் இசை போடுவான், நான் வரி எழுதிப் பாடுவேன். எங்களிடம் இருப்பது ஒரு லேப்டொப், ஒரு சின்ன மிடி கீபோர்ட், இரவல் மைக் ஒன்று. நாலு பாட்டு முடித்து யூடியூப்பில் போட்டிருக்கிறோம்.

ஐந்து மாதத்துக்கு முன் அவன் வேலை கிடைத்துத் தோஹா போய்விட்டான். ஷிப்ட் முடிய அங்கே இரவு பத்து மணி, இங்கே பன்னிரண்டரை. அதற்குப் பிறகுதான் கதைக்க முடியும். நான் அம்மாவின் சேலை அலுமாரியைத் திறந்து வைத்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிறேன். அப்படிப் பாடினால் அறையின் எதிரொலி விழாது. ஃபானையும் நிற்பாட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதன் இரைச்சல் பதிவில் வந்துவிடும். பகலில் காகம். பின்னேரம் நாலு மணிக்கு ஒழுங்கைக்குள் பாண் ஆட்டோ அந்த பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். அதனால் இரவில்தான் பதிவு.

கடைசி இரண்டு மாதத்தில் ஒரு பாட்டும் முடியவில்லை. அவன் அனுப்புவது எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு வாய் வருகுதில்லை. இங்கேயே வேறு ஆளைப் பிடி என்று வீட்டில் சொல்கிறார்கள். தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு பேராக ஓடிய குழு ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடாக்கரை எழுதியது:

தங்கச்சி, ஆளை மாற்ற வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் தி போஸ்டல் சர்வீஸ் என்று ஒரு குழு. ஜிம்மி டம்பொரெல்லோ லொஸ் ஏஞ்சலிஸில் எலக்ட்ரோனிக் இசை செய்கிறவர். பென் கிப்பர்ட் சியாட்டிலில், டெத் கேப் ஃபோர் கியூட்டி என்ற ரொக் குழுவில் பாடுகிறவர். டம்பொரெல்லோ 2001இல் டின்டெல் என்ற பெயரில் வெளியிட்ட அல்பத்தில் ஒரு பாட்டைக் கிப்பர்ட் பாடினார். அது இரண்டு பேருக்கும் பிடித்துப்போக, இன்னும் செய்து பார்ப்போம் என்று இறங்கினார்கள். டம்பொரெல்லோ வெறும் இசையை மட்டும் டேப்பில் பதிந்து தபாலில் அனுப்புவார். கிப்பர்ட் அதைத் தனக்கு ஏற்றபடி வெட்டி, மாற்றி, வரி எழுதிப் பாடித் திரும்பவும் தபாலில் போடுவார். குழுவின் பெயர் வந்தது அப்படித்தான்.

2003 பெப்ரவரியில் சியாட்டிலில் உள்ள சப் பொப் என்ற இசைக் கொம்பனி அவர்களின் 'கிவ் அப்' அல்பத்தை வெளியிட்டது. அதே வருடம் அமெரிக்கத் தபால் சேவை, எங்கள் பெயரை எப்படிப் பாவிப்பீர்கள் என்று கடிதம் அனுப்பியது. கடைசியில் சமரசமாகிப் பெயருக்கு அனுமதியும் கொடுத்து, அந்த சீடியைத் தங்கள் இணையத்தளத்திலேயே விற்றார்கள். அல்பம் 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. சப் பொப் வெளியிட்டவற்றில் அதைவிடக் கூடுதலாக விற்றது நிர்வாணா என்ற ரொக் குழுவின் முதல் அல்பம் மட்டும்தான். இத்தனைக்கும் அவர்கள் செய்த முழு அல்பம் அது ஒன்றுதான். பத்து வருடம் கழித்து 2013இலும், இருபது வருடம் கழித்து 2023இலும் அதே பாட்டுகளோடு திரும்ப மேடை ஏறினார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், நானும் அப்படி ஒரு குழுவில் பாதி ஆளாக இருந்தவன். நான் இங்கே, என் கூட்டாளி மட்டக்களப்பில். 2012இல் தொடங்கினோம். அப்போது எங்கள் வீட்டு இணையத்தில் ஒரு பாட்டின் தடங்களை ஏற்றுவதற்குள் விடிந்துவிடும். அதனால் பென்டிரைவை பஸ்ஸில் போட்டுவிடுவோம். ஒரு பழைய டொஃபி டின்னில் பஞ்சு வைத்து, அதற்குள் பென்டிரைவ், மேலே டேப் ஒட்டி அவனுடைய பெயரும் போன் நம்பரும். காலையில் திருமலை பஸ் நிலையத்தில் கண்டக்டரிடம் கொடுத்து, கையில் ஏதும் வைத்துவிட்டு, பஸ் நம்பரை அவனுக்குச் சொன்னால் சரி. கிண்ணியாப் பாலம், மூதூர், வாகரை என்று கரையோரமாகவே போய்ச் சேரும். அவன் அங்கே நின்று வாங்குவான். இரண்டு மூன்று நாளில் அதே டின் திரும்பி வரும். அதைத் திறந்து கம்ப்யூட்டரில் குத்துகிற அந்த நிமிடத்துக்காகவே நான் பாட்டுச் செய்தேன் என்று சொல்லலாம். அவன் என்ன செய்திருப்பான் என்று தெரியாது. ஒருமுறை நான் போட்ட தாளத்தை முழுக்கத் தூக்கிவிட்டு வெறும் ஓர்கன் சத்தத்தின் மேல் பாடியிருந்தான். எனக்குக் கோபம் வந்தது. நாலாவது தரம் கேட்டபோது அவன் செய்ததுதான் சரி என்று விளங்கியது. எங்கள் பாட்டுகளில் இன்றைக்கும் நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

நாங்கள் நின்றுபோனது தூரத்தால் இல்லை. பழகப் பழக எனக்குக் கை வந்துவிட்டது. தாளம், பேஸ், இடையில் வரும் மெட்டு, முடிவு எல்லாவற்றையும் நானே நிரப்பி அனுப்பத் தொடங்கினேன். ஃபோல்டருக்கு 'முடிந்தது' என்று பெயரும் வைப்பேன். அவன் திருப்பி அனுப்ப ஒரு கிழமை எடுத்தான், பிறகு ஒரு மாதம், பிறகு டின் வரவே இல்லை. நான் அவனைச் சோம்பேறி என்று நினைத்தேன். அவனுக்கு நிற்க இடமே விடாமல் நான் வீட்டைக் கட்டி முடித்துவிட்டேன் என்பது பல வருடம் கழித்து அந்த பைல்களைத் திரும்பக் கேட்டபோதுதான் தெரிந்தது. குரல் நுழைய ஒரு துளை இல்லை.

நீங்கள் எழுதியதில் "அவன் அனுப்புவது எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு வாய் வருகுதில்லை" என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அவன் அங்கே தனியாக அறையில் இருந்து முழுப் பாட்டையும் முடித்து அனுப்புகிறானா? அப்படியென்றால், பாதியில் அனுப்பச் சொல்லுங்கள். நாலு கோர்ட், ஒரு கிக் டிரம், அவ்வளவு போதும். அல்லது நீங்கள் முதலில் வெறும் குரலை அனுப்புங்கள், அவன் அதற்கு இசை போடட்டும்.

சீனக்குடா எழுதியது:

அண்ணா சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். பாட்டுச் செய்யத் தூரம் பிரச்சினை இல்லை, ஆனால் மேடைக்கு இரண்டு பேரும் ஒரே ஊரில் வேண்டும். சில்வன் எஸ்ஸோ என்ற இரண்டு பேர் அமெரிக்கக் குழுவைப் பாருங்கள். அமீலியா மீத்தும் நிக் சான்போர்னும் 2012இல் மில்வோக்கியில் ஒரே நிகழ்ச்சியில் வாசிக்கப் போய்ச் சந்தித்தவர்கள். மீத் தன் பழைய குழுவின் பாட்டு ஒன்றை சான்போர்னிடம் ரீமிக்ஸ் பண்ணக் கொடுத்தார். அது நன்றாக வந்ததும் இரண்டு பேரும் வட கரோலினாவில் டர்ஹம் என்ற ஊரில் குடியேறி, அங்கே வீட்டிலேயே முதல் அல்பத்தைச் செய்து 2014இல் வெளியிட்டார்கள். 2017இல் வந்த இரண்டாவது அல்பம் கிராமி பரிந்துரை வரை போனது. மேடையில் இரண்டே பேர், ஒரு மேசை, அதில் கருவிகள். மீத் ஆடிக்கொண்டே பாடுவார்.

நான் நிலாவெளிப் பக்கம் சவுண்ட் போடுகிறவன். ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை கடற்கரை கெஸ்ட் ஹவுஸ்களில் பாட ஆள் தேடுவார்கள். உங்கள் கூட்டாளிக்கு லீவு எப்போது என்று இப்போதே கேட்டு, அந்தக் கிழமையில் ஒரு நிகழ்ச்சியாவது பிடியுங்கள். ஆட்களுக்கு முன்னால் பாடினால்தான் எந்த இடத்தில் பாட்டு தளர்கிறது என்று தெரியும்.

கன்னியா எழுதியது:

ஒரு சின்ன விஷயம். குரலை வட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள், அது சத்தத்தை நெருக்கிவிடும். சத்தத்தை நெருக்காத வேவ் பைலாக எடுத்து, டொக்யுமென்ட் என்று போட்டு அனுப்புங்கள். இரண்டு பேரும் ஒரே சாம்பிள் ரேட்டில், அதாவது ஒரு விநாடிக்குச் சத்தத்தை எத்தனை தரம் அளந்து பதிகிறது என்ற எண்ணில், வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். 48,000இல் பதிந்ததை 44,100 என்று எடுத்துக்கொண்டால் குரல் மெதுவாகி, ஒன்றரை செமிடோன் கீழே போய்விடும். எனக்கு அப்படி ஒரு முழு இரவு வீணாகப் போனது. அப்புறம், பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இப்போதே எழுதி வையுங்கள். சண்டை வருவதற்கு முன் எழுதுவது சுகம்.

உவர்மலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குடாக்கரை அண்ணா, நீங்கள் சொன்னதுதான். அவன் கடைசியாக அனுப்பிய மூன்றையும் திரும்பக் கேட்டேன். மூன்றிலும் முடிவுகூடப் போட்டிருக்கிறான். நேற்று இரவு அதைப் பற்றி நீண்ட நேரம் கதைத்தோம். அறையில் மற்ற ஆட்கள் நித்திரை, இவன் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு விடியும்வரை அதிலேயே இருக்கிறானாம். பாதியில் நிற்கிற பைலாக அனுப்பினால் வேலை செய்யவில்லை என்று நான் நினைப்பேனோ என்று பயந்தானாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்றைக்குப் பின்னேரம் ஃபானை நிற்பாட்டாமல், அலுமாரியும் இல்லாமல், யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து இரண்டு வரி பாடினேன். நடுவில் பாண் ஆட்டோ வந்தது. நிற்பாட்டவில்லை, அது ஒழுங்கை முடியும்வரை போகட்டும் என்று விட்டுப் பாடினேன். வேவ் பைல், 48,000. பங்கு ஆளுக்குப் பாதி என்று எழுதி அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். லீவு ஓகஸ்டில். சீனக்குடா அண்ணா, அப்போது உங்களைத் தேடி வருவேன்.