ஒரே வண்டிக்குத்தான் இடம்: பழைய பிஎம்டபிள்யூ 2002-ஆ, இ30 325ஐ-ஆ?

கேள்வி – கியர்குச்சி:
இரண்டும் பிஎம்டபிள்யூ, இரண்டும் பின்சக்கர இழுவை. ஒன்று 1972 மாடல் 2002, கார்புரேட்டர் வண்டி. மற்றது 1988 மாடல் 325ஐ (இ30 என்பது அந்தத் தலைமுறையின் குறியீடு). 2002-ஐ ஓட்டிவிட்டு இறங்கவே மனசு வரவில்லை. ஆனால் தினசரி ஓட்டத்துக்கு எது தோது? இரண்டையும் வைத்திருந்தவர்கள் சொல்லுங்கள்.

சன்னலோரம்:
325ஐ. அந்த ஆறு சிலிண்டர் சத்தத்துக்காகவே வாங்கலாம்.

பழைய சாவி:
2002-ஐ ஆறு வருடம் வைத்திருந்தேன், இப்போது 325ஐ. எண்களைப் பார்த்தால் ஒப்பிடவே தோன்றாது: அதில் 1990 சிசி, 100 குதிரைத்திறன், இதில் 2494 சிசி, 170 சொச்சம். ஆனால் 2002-இன் எடை கிட்டத்தட்ட ஒரு டன்தான். அறுபதில் போனாலே பறக்கிற மாதிரி இருக்கும்.

பின்னால் இரண்டுக்கும் ஒரே குணம், செமி டிரெய்லிங் ஆர்ம் சஸ்பென்ஷன்: ஒவ்வொரு பின்சக்கரத்தையும் சாய்வாகப் பொருத்திய ஒரு கை (ஆர்ம்) தாங்கும். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்பக்கம் எழும்பும், பின்சக்கரங்களின் கோணம் மாறும், வால் வீசும். ஒரு மழைநாளில் 2002-இல் அரைவட்டம் அடித்து, வந்த வழியைப் பார்த்து நின்றேன் (தப்பு என் கால்மேல்தான்). இ30-இல் அந்த ஆர்மின் சாய்வைக் குறைத்திருக்கிறார்கள். வால் வீசாது என்றில்லை, சொல்லிவிட்டு வீசும்.

தினமும் ஓட்ட 325ஐ-தான். சாவியைத் திருப்பினால் கிளம்பும். சோக்கைப் பிடித்துக் கெஞ்ச வேண்டாம். ஸ்டீயரிங்கும் ரேக் அண்ட் பினியன், அதாவது பற்சக்கரம் ஒரு பல்சட்டத்தை நேராக நகர்த்தும் வகை. 2002-இல் ஸ்டீயரிங் நடுவில் கொஞ்சம் பிளே (வெறும் ஆட்டம்) இருக்கும், பழகிவிடும்.

கிரீஸ் கை:
ஒன்று விட்டுப்போச்சு. இன்ஜின் வால்வுகளை நேரத்துக்கு இயக்க 2002-க்கு டைமிங் செயின், 325ஐ-க்கு பெல்ட். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். எப்போது மாற்றியது என்று விற்பவர் யோசித்தால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் துரு. 2002-இல் ஸ்பேர் வீல் குழியையும் முன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்) பொருந்தும் மேல்பாகத்தையும் பாருங்கள்.

பழைய சாவி:
ஆமாம், பெல்ட்டை மறந்துவிட்டேன். நான் வாங்கிய வாரமே மாற்றினேன்.

கியர்குச்சி:
இன்று மறுபடி போனேன். ஸ்பேர் வீலைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. விற்பவரும் நானும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சரி, 325ஐ-இல் சன்ரூஃப் ஓரத்தைத் தவிர எங்கெல்லாம் குத்திப் பார்க்கணும்?