கன்றுகளை லாரியில் எத்தனை மணி நேரம் கொண்டுபோகலாம்?

பால்சொம்பு: ஐரோப்பிய ஒன்றியத்தின் கால்நடைப் போக்குவரத்து விதியை (1/2005) இன்றுதான் உட்கார்ந்து படித்தேன். பொதுவாக 8 மணி நேரம்தான் வரம்பு. ஆனால் வண்டியில் கூடுதல் வசதி இருந்தால் பால் மறக்காத கன்றைக்கூட 9 மணி நேரம் ஓட்டி, 1 மணி நேரம் நிறுத்தி, மறுபடி 9 மணி நேரம் கொண்டுபோகலாம். அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் காட்ட வேண்டுமாம், தேவைப்பட்டால் தீனியும் போட வேண்டுமாம். பால்குடிக் கன்று எந்தத் தீனியைத் தின்னும்? நிறைந்த லாரிக்குள் ஒவ்வொன்றுக்கும் வெதுவெதுப்பாகப் பால் கொடுக்க யாரால் முடியும்? 8 மணி நேரத்துக்கு மேல் எந்த உயிரையும் ஏற்றாதே என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகலாம்.

சரக்குவண்டி: நான் மாடு ஏற்றி ஓட்டியவன். வண்டி சீராக ஓடினால் மாடு காலை அகட்டி நின்று சமாளித்துக்கொள்ளும், சில படுத்து அசைகூடப் போடும். அடிபடுவதெல்லாம் ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். சாணமும் மூத்திரமும் ஊறிய சாய்வுப்பலகையில் குளம்பு வழுக்கும், இறங்குகிற இடம் இருட்டாக இருந்தால் காலையே வைக்காது, பின்னால் நிற்கிறவன் வாலை முறுக்குவான். உங்கள் ஒரே வரிச் சட்டம் வந்தால் பாதி வழியில் முன்பின் தெரியாத தொழுவத்தில் இறக்கி மறுபடி ஏற்றுவார்கள். அதற்குப் பெயர் ஓய்வா?

பழையசட்டம்: அமெரிக்காவைப் பாருங்கள். 28 மணி நேரத்துக்கு ஒரு முறை இறக்கித் தீனி, தண்ணீர் காட்ட வேண்டும் என்று 1873-லேயே ரயிலுக்காகச் சட்டம் போட்டார்கள். அப்புறம் மாடுகள் லாரிக்கு மாறின. லாரிக்கும் அது பொருந்தும் என்று அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2006-ல். கோழிகளை இன்றும் அதில் சேர்ப்பதில்லை.

பால்சொம்பு: அண்ணே, வழுக்குகிறது என்றால் பலகையைச் சரிசெய்ய வேண்டியதுதானே? அதே விதியில் கன்றுக்குச் சரிவு 20 டிகிரியைத் தாண்டக் கூடாது, 10 டிகிரிக்கு மேல் போனாலே குறுக்குக்கட்டை அடிக்க வேண்டும் என்று இருக்கிறது. இறக்குவது கஷ்டம் என்பதால் பசியோடு ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்றா சொல்கிறீர்கள்? இறக்கவே தேவைப்படாத தூரத்துக்கு மட்டும் ஏற்றுங்கள் என்கிறேன்.

சரக்குவண்டி: கன்று விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை தம்பி. பெரிய மாட்டையும் கன்றையும் ஒரே வரியில் கட்டாதீர்கள் என்றுதான் சொன்னேன். தொப்புள் முழுசாக ஆறாத கன்று பயணத்துக்கே லாயக்கில்லை என்றும் அந்த விதியில் இருக்கிறது, படித்தீர்களா? ஏற்றுகிற இடத்தில் வயிற்றைத் தடவிப் பார்க்க ஒரு ஆள் நிற்பதில்லை. ஒருமுறை நானே பார்த்தேன். நாலு கன்றுக்குக் கொடி ஈரமாகத் தொங்கியது. ஏற்ற மாட்டேன் என்று திரும்பிவிட்டேன். எனக்குப் பின்னால் நின்ற லாரியில் ஏற்றினார்கள்.