சன்ஸ்கார் வரைபடம்: மலையிடுக்கில் உடையும் உயரக் கோடுகள்

நண்பர்களுக்கு வணக்கம். லடாக்கின் சன்ஸ்கார் பகுதியில், பதும் ஊரிலிருந்து புக்தல் மடாலயம் வரையுள்ள நடைவழிக்கு 1:50,000 அளவில் ஒரு நிலத்தோற்ற வரைபடம் தயாரிக்கிறேன். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் அளந்த நில உயரத் தரவை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இட்டு, 40 மீட்டர் உயர இடைவெளியில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) வரைந்தேன்.

பதும் சமவெளியில் அருமையாக வந்தன. மலையிடுக்கில்தான் தொல்லை. ரேடார் பக்கவாட்டில் பார்ப்பதால் செங்குத்துப் பாறைகளின் மறைவில் தரவே இல்லை. இடைவெளியைத் தோராயமாக நிரப்பினால் ஆறு மேட்டை நோக்கி ஓடுகிறது! மரஞ்செடி இல்லாத மொட்டை மலைதானே, வேலை சுலபம் என்று நினைத்தது என் தப்பு.

2011 முதல் 2015 வரை அளந்த கோபர்நிகஸ் என்ற ஐரோப்பியத் திட்டத்தின் 30 மீட்டர் உயரத் தரவு இந்த இடுக்குகளில் மேலானதா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். 2014 டிசம்பர் 31 அன்று மலை சரிந்து புக்தல் ஆற்றை அடைத்தது. 2015 மே மாதம் அந்த அடைப்பு உடைந்தது. அந்தச் சரிவின் வடு கோபர்நிகஸ் தரவில் தெரிகிறதா?

அவ்வழி நடந்தவர்களிடம் ஜிபிஎஸ் தடம் இருந்தால் அனுப்புங்கள். பாலங்கள் இருக்கும் இடங்கள் மட்டும் கிடைத்தாலும் போதும்.