கார்டை நகல் எடுத்துட்டாங்க, எந்த ரீடருக்கு மாறலாம்?

வணக்கம் நண்பர்களே, உங்க அனுபவம் தேவைப்படுது. எங்க அலுவலகத்துல பன்னிரண்டு கதவுக்கும் கார்டு காட்டித் திறக்கிற பூட்டுதான். போன வாரம் கதவு திறந்த பதிவுகளைப் பார்த்தப்ப, லீவுல இருந்தவரோட கார்டு ராத்திரி 11.40-க்கு ஸ்டோர் ரூமைத் திறந்திருக்கு. கார்டு அவர் பர்ஸ்லயேதான் இருந்துச்சு.

எங்களோடது பழைய 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு. உள்ளே இருக்கிற எண்ணை யார் கேட்டாலும் அப்படியே சொல்லிடும். கையடக்கக் கருவியைப் பக்கத்துல வெச்சா, சில நொடியில வேற கார்டுல ஏத்திடலாம். மைஃபேர் கிளாசிக்ங்கிற வேற வகைக் கார்டுக்கு மாறச் சொல்றாங்க. ஆனா அதைப் பாதுகாக்கிற கிரிப்டோ-1 குறியாக்கம் 2008-லயே உடைபட்டது, அதனால மனசு ஒப்பல. அதைவிடப் பாதுகாப்பான டெஸ்ஃபயர் கார்டு போடலாம்னு இருக்கேன்.

என் சந்தேகம் ரீடருக்குப் பின்னாடி இருக்கிற வயரைப் பத்தித்தான். ரீடரைக் கதவுக் கன்ட்ரோலரோட இணைக்கிற வீகண்ட் வயர்ல கார்டு எண் மறைக்கப்படாமலே போகுது, அப்போ கார்டை மட்டும் மாத்தி என்ன பயன்? எண்ணை மறைச்சு அனுப்பக்கூடிய ஓஎஸ்டிபி முறைக்கு மாறினவங்க பழைய கேபிளையே பயன்படுத்தினீங்களா, புதுசா இழுத்தீங்களா?

இதைவிட அவசரமான விஷயம் ஒண்ணு. படிக்கட்டுக் கதவுல காந்தப் பூட்டு, கரண்ட் இருக்கிற வரைக்கும் பூட்டியே இருக்கும். ஃபயர் அலாரம் சோதனையில அலாரம் அலறுது, கதவு மட்டும் விடல; ரெண்டு கையால தள்ளியும் அசையல. பேட்டரி பேக்கப் பூட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கிட்டே இருந்திருக்கு. உள்ளே ஆள் இருக்கிற கட்டடம், பயமா இருக்கு. அலாரம் பேனல்ல இருக்கிற ரிலே (தானா இயங்குற சுவிட்ச்) பூட்டோட கரண்டை நேரடியா துண்டிக்கிற மாதிரி வயரிங் பண்ணினவங்க இருந்தா, எப்படின்னு தயவுசெஞ்சு விவரமா சொல்லுங்க.