பயர்பொக்ஸ் பிரவுசர்ல ஒரு இலக்கத்த மாத்திட்டு ரெண்டு கிழமைக்குப் பிறகு தேடின கதை

ஆரையம்பதில இருந்து எழுதுறன். எங்கட வீட்ட இரிக்கிறது நாலு ஜீபி ரெம் உள்ள பழைய லப்டொப், வீட்டுக்கு லைன் இல்ல, போன் ஹொட்ஸ்பொட்லதான் எல்லாம். ராவு டேட்டா மிச்சமாக் கிடந்து வீணாப் போகும், பகல் டேட்டா மாசம் முடிய முதலே முடிஞ்சிரும். தங்கச்சி ஏஎல் படிக்கிறா, பாஸ்ட் பேப்பர் ஒண்டு எடுக்கப் போனா பேப்பர விட சுத்திவர ஓடுற விளம்பர வீடியோவுக்குத்தான் கூட டேட்டா போகுது.

முதல்ல பயர்பொக்ஸ்ல விளம்பரத்த மறிக்கிற யூபிளொக் ஒரிஜின் எண்ட அட்ஓன் போட்டன், அதுலயே பாதிப் பிரச்சின தீந்திச்சி. மறுகா அட்ரஸ் பார்ல எபவுட் கொன்பிக் (about:config) எண்டு அடிச்சி, பயர்பொக்ஸ்ட உள் செட்டிங் எல்லாம் இரிக்கிற பக்கத்துக்குப் போனன். கவனமாப் போங்க எண்டு ஒரு எச்சரிக்கை வரும், அத ஓகே பண்ணினாத்தான் வழி விடும். மீடியா ஓட்டோப்ளே டிபோல்ட் எண்டதுல 1 இருந்திச்சி, அது சத்தம் வாற வீடியோவ மட்டுந்தான் நிப்பாட்டும், அத 5 ஆக்கினா சத்தமில்லாம ஓடுறதும் நிண்டிரும். இது இண்டைக்கும் அப்பிடியேதான் இரிக்கி, எல்லாருக்கும் சொல்லுவன்.

பிழை அடுத்ததுலதான் வந்திச்சி. பெர்மிஷன்ஸ் டிபோல்ட் இமேஜ் எண்டதுல 1 எண்டத 2 ஆக்கினா எந்தப் பக்கத்துலயும் படம் வராது. டேட்டா நல்லா மிஞ்சிச்சி, நானும் அத மறந்துட்டன்.

ரெண்டு கிழமைக்குப் பிறகு செங்கலடில இருந்து மாமா பஸ் ஏறி வந்தாரு, ஒரு விண்ணப்பம் ஒன்லைன்ல போடோணும், அண்டைக்குத்தான் கடைசித் திகதி. எல்லாம் நிரப்பி கீழ வந்தா, எழுத்தப் பாத்து அடிக்கச் சொல்ற அந்தச் சின்னப் பெட்டி வெறும் வெள்ளையா இரிக்கி. ரிப்ரெஷ் பண்ணிப் பண்ணி, யூபிளொக்க நிப்பாட்டி, குக்கீயெல்லாம் அழிச்சி, மூண்டு தரம் முதல்ல இருந்து நிரப்பி, அந்த ஒபிசுக்கும் கோல் எடுத்தா அவங்கட பக்கம் நல்லா வேலை செய்யிதாம். மாமா ஒண்டும் சொல்லல, பேப்பர எல்லாம் மடிச்சி ஷொப்பிங் பேக்குக்குள்ள வெச்சிட்டு டவுனுக்குப் போய் ஒரு கொமினிகேஷன் கடையில காசு குடுத்துப் போட்டாரு. அவர் கேட்டால போறதப் பாத்துக்கிட்டு நிண்டன், இப்ப நினைச்சாலும் மனசுக்கு ஒரு மாதிரித்தான்.

ராவு இருந்து தேடினன். எபவுட் கொன்பிக்ல தேடுற பெட்டிக்குப் பக்கத்துல, மாத்தினத மட்டும் காட்டு எண்டு ஒரு டிக் இரிக்கி. அதப் போட்டா நாம மாத்தினதும் பிரவுசர் தானா மாத்தினதும் தடிச்ச எழுத்துல வரிசையா வரும். இறங்கிப் போகப் போக இமேஜ் எண்ட வரியில 2. வலது பக்கம் இரிக்கிற திரும்புற அம்புக்குறிய அமத்தினன், பழைய 1 வந்திச்சி, பெட்டிக்குள்ள எழுத்தும் வந்திச்சி.

இப்ப படத்துக்கு யூபிளொக் செட்டிங்குக்குள்ளயே வழி வெச்சிரிக்கன். 50 கேபிக்கு மேல உள்ள மீடியாவ நிப்பாட்டு எண்டு ஒண்டு இரிக்கி, பெரிய படம் மட்டும் வெறும் கட்டமா நிக்கும், தேவையெண்டா அமத்திப் பாக்கலாம். மாத்துறது எல்லாத்தையும் தங்கச்சிட கொப்பியில கடைசிப் பக்கத்துல திகதியோட எழுதி வெக்கிறன். ஆருக்காவது இப்பிடி நடந்திரிக்கா?

*

கல்முனை ஆள் நான். எனக்கு பயர்பொக்ஸ்ல பிரச்சின ஒரு பயிலாலதான் வந்திச்சி. டெப் எல்லாத்தையும் பக்கவாட்டுல வெச்சிட்டு மேல உள்ள வரிய மறைக்க ஆசைப்பட்டு யூசர்குரோம் சிஎஸ்எஸ் (userChrome.css) எண்ட, பயர்பொக்ஸ்ட தோற்றத்த மாத்துற பயில் எழுதினன். பயர்பொக்ஸ் 69ல இருந்து அந்தப் பயில் தானா வேலை செய்யாது, எபவுட் கொன்பிக்ல லெகசி யூசர் புரொபைல் கஸ்டமைசேஷன் எண்டத ட்ரூ ஆக்கோணும், அதையும் செஞ்சன், ஒண்டும் நடக்கல. மூணு நாளைக்குப் பிறகு எங்கட காக்கா (அண்ணன்) வந்து பாத்துட்டுச் சொன்னாரு, விண்டோஸ் பயில் பேருட வால மறைச்சி வெச்சிரிக்கி, நோட்பேட்ல சேவ் பண்ணக்குள்ள பின்னால டிஎக்ஸ்டி ஒட்டிக்கிட்டு இருந்திரிக்கி. நீங்க கூகிள் குரோம் பிரவுசர்ல இல்லாததும் நல்லம் தம்பி, 2024ல இருந்து அங்க யூபிளொக் ஒரிஜின படிப்படியா நிப்பாட்டிட்டாங்க, லைட் எண்ட சின்னதுதான் போடலாம்.

*

நான் திருக்கோவில் ஊர்ல இருந்து எழுதுறன். அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் செஞ்ச பிறகு சின்ன எழுத்து வாசிக்க ஏலாது. பயர்பொக்ஸ் செட்டிங்ல எழுத்துரு, அட்வான்ஸ்ட் போய் தமிழத் தெரிவு செஞ்சி ஆகக் குறைஞ்ச அளவு 20 போட்டன். சில பக்கம் மாறிச்சி, சிலது மாறல. பிறகுதான் விளங்கிச்சி, தமிழ்ப் பக்கம் எண்டு உள்ளுக்குக் குறிப்புப் போடாதவங்கட பக்கத்துக்கு அது பிடிக்காது, அதுக்கு லத்தீன் எண்டதுலயும் 20 போடோணும். இப்ப கோயில் செய்தியெல்லாம் அம்மா கண்ணாடி இல்லாம தானா வாசிக்கிறா.