வார்டு மெம்பருக்கு ஏன் நின்றார்கள்? உங்களுக்குத் தெரிந்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

மலைப்பள்ளி ஆசிரியர்:
2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது நான் ஏற்காடு மலையில் வேலை பார்த்தேன். என் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா வார்டு மெம்பருக்கு மனுத்தாக்கல் செய்திருந்தார். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். அது பழம் பறிக்கும் காலம். பகலெல்லாம் பறிப்பு, பொழுது சாய்ந்ததும் வீடு வீடாக ஓட்டுக் கேட்பார். ஊராட்சி வார்டுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, பழங்குடியினருக்கு டெபாசிட்டும் 100 ரூபாய்தான். அதனால்தான் அவரால் நிற்க முடிந்தது.

"ஏம்மா, எப்படி இந்த எண்ணம் வந்தது?" என்று கேட்டேன்.

"தங்கச்சிக்கு வலி வந்தப்ப தூளி கட்டித்தான் சார் ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போனோம். பாதை கேட்டு மனு கொடுக்கப் போனா, உங்க மெம்பரைக் கூட்டிட்டு வான்னாங்க. மெம்பரே இல்லாத ஊருல யாரைக் கூட்டிட்டுப் போறது? அதான் நானே நின்னுட்டேன்."

அவர் சொன்னது உண்மை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் மூன்று வருடம் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாருமே இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்தான் எல்லாம்.

அவர் ஜெயித்தார்.

குகைக்காரர்:
சேலம் குகைப் பகுதியில் எங்கள் பெரியப்பா தறிக்காரர். 2022 பிப்ரவரியில் சேலம் மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று தெருவில் யாருக்கு என்ன மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். கட்சிக்கும் வெகுகாலம் உழைத்தார். சீட்டு வேறொருவருக்குப் போனது. அந்தக் கோபத்தில்தான் நின்றார், தோற்றார். அதைப் பதவி ஆசை என்று சொன்னால் என்னால் ஏற்க முடியாது. உழைப்பை யாரும் கண்டுகொள்ளவில்லையே என்ற வலி அது.

ஓமலூர்ப் பக்கம்:
எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் சித்தப்பா சித்தியை நிற்க வைத்தார். முதல் வருடம் சித்தி கையெழுத்து மட்டும்தான் போட்டார். அப்புறம் குடிநீர் வராத ஒரு வாரம் தெருப்பெண்கள் நேராகச் சித்தியிடமே வந்து நின்றார்கள். அன்றிலிருந்து கூட்டத்துக்குத் தனியாகத்தான் போனார். நிற்க வைத்தது ஒருவர், நிலைக்க வைத்தது வேறு யாரோ.

குகைக்காரர்:
ஆசிரியர் சார், அந்த அம்மா கேட்ட பாதை கிடைத்ததா?

மலைப்பள்ளி ஆசிரியர்:
இன்னும் முழுசாக இல்லை. நடுவில் வனநிலம் இருக்கிறது. வன உரிமைச் சட்டப்படி ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தில் சாலை போட கிராம சபையின் பரிந்துரை தேவை. அதைத் தெரிந்துகொண்டு, 2020 ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து கேட்டார். கூட்டத்தில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் நடுங்கியது, ஆனால் தீர்மானம் எழுதும்வரை உட்காரவில்லை. பாதி தூரம் கான்கிரீட் பாதை வந்தது.

2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர் வந்துவிட்டார். மீதிப் பாதைக்கான மனுவை அந்த அம்மாதான் இன்னும் எடுத்துக்கொண்டு போகிறார். இப்போது அவருடன் நாலு பெண்களும் போகிறார்கள்.