பீரில் கரைவது வாயுவா, வளியா?

மெல்பர்ன்:
வணக்கம். வீட்டிலேயே பீர் காய்ச்சும் நம்மவர்கள் சிலருக்குச் சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். தமிழில் கையேடு எழுதுகிறேன். நொதித்து முடிந்த பீரை 19 லிட்டர் எஃகுக் கலத்தில் நிரப்பி, 3, 4 டிகிரி செல்சியசுக்குக் குளிரவைத்து, சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவைச் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தத்தில் வைத்தால், ஒரு வாரத்தில் போதுமான அளவு கரைந்துவிடும். இதற்கு ஒரு சொல் வேண்டும். ‘கார்பனேற்றம்’ என்று எழுதினேன். இரும்புப் பட்டறை நண்பர் ஒருவர், “அது எஃகைக் கடினமாக்கும் வேலை அல்லவா?” என்று கேட்டுவிட்டார்.

தஞ்சாவூர்:
‘காற்றூட்டம்’ போதுமே?

மெல்பர்ன்:
ஐயா, காற்றுதான் இங்கே எதிரி. ஈஸ்ட் சேர்க்கும் வேளையில் காற்றூட்டுவோம். நொதித்தபின் ஆக்சிஜன் பட்டால் பீரில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்துவிடும்.

மதுரை:
‘ஊட்டு’ என்பது ‘உண்’ணின் பிறவினை. உண்பதற்கு வாயும் வயிறும் வேண்டும், பீருக்கு ஏது? புட்டியில் சர்க்கரையிட்டு அடைக்கும் பழைய முறையில் ஈஸ்ட் உண்கிறது, ஆகவே அது ஊட்டல். சிலிண்டர் முறை ‘வளியேற்றம்’. பெரும்பாணாற்றுப்படை ‘இல்லடு கள்ளின் தோப்பி’ என்கிறது. வீட்டில் சமைத்த நெற்கள். சொல் வளத்துக்கு நமக்கு என்ன குறை?

சிங்கப்பூர்:
தோப்பிக்கு யாரும் சிலிண்டர் மாட்டவில்லை, ஐயா. கோலி சோடா குடித்து வளர்ந்தவனுக்குக் ‘கேஸ் ஏற்றுவது’ என்றால் உடனே விளங்கும். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்தில் நிறுத்துகிறது. 1872இல் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற உத்தி. ‘வளியேற்றம்’ என்று எழுதினால் சைக்கிள் பம்பைத் தேடுவார்கள்.

தஞ்சாவூர்:
அப்படியானால் ‘வாயேற்றம்’?

மதுரை:
‘வாயு’வின் உகரம் முற்றியலுகரம், கெடாது, வகர உடம்படுமெய் பெறும். ‘வாயுவேற்றம்’ என்பதே சரி. ஆனால் வாயு வடசொல். தவிர, அந்தச் சொல்லைக் கேட்டால் என் வீட்டில் சுக்குக் கஷாயம் வைப்பார்கள்.

கோவை:
‘நுரையேற்றம்’?

மெல்பர்ன்:
நுரை குவளையில் வரட்டும். குழாயைத் திறந்ததும் நுரையாகவே கொட்டினால் அழுத்தமோ குளிரோ தவறிவிட்டது என்று பொருள். அந்தப் பாடத்துக்குத் தனிப் பக்கமே ஒதுக்கியிருக்கிறேன்.

சிங்கப்பூர்:
ஆங்கிலேய வேதியியலாளர் பிரீஸ்ட்லி 1767 வாக்கில் இங்கிலாந்தின் லீட்ஸில் பீர்த் தொட்டிக்கு மேலே தண்ணீரைப் பிடித்துத்தான் இந்த வாயுவைக் கரைத்தார். பெயரைப் பற்றி அவர் இவ்வளவு யோசித்திருப்பாரா?

தஞ்சாவூர்:
நான் ‘வாயுவேற்ற’த்துக்கே கைதூக்குகிறேன். தூக்கம் வருகிறது.

கோவை:
நானும்.

மெல்பர்ன்:
நன்றி. ‘வாயுவேற்றம், அதாவது கேஸ் ஏற்றுவது’ என்று முதற்பக்கத்தில் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மதுரை:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கையேட்டின் படியைக் கண்டேன். மூன்றாம் பக்கத்தில் ‘பீப்பாய்’ என்று இருக்கிறது. அது போர்ச்சுக்கீசியம். ‘மிடா’ என்று மாற்ற நேரம் இருக்கிறதா?